கெர்லோஃபின் புதன்கிழமை

எங்கள் வின்ஸ்கோட்டன் ஊர் பஸ் டெப்போவில் ஐந்து நாள் வேலையை நான்காகக் குறைத்துக் கேட்ட முதல் ஆண் கெர்லோஃப் வெஸ்டர்மா. அவருக்கு மகள் ஹிஸ்கே பிறந்த வருஷம் அது. அலுவலகப் பெண்கள் பாதிப் பேர் பாதி வாரம்தான் வருவார்கள். அதை யாரும் பேசுவதில்லை. கியர் பாக்ஸில் கைதேர்ந்த மெக்கானிக்கான அவர் கேட்டதும் மேலாளர் போல்ஹைஸ் காபியைக் கீழே வைத்தார்.

"அதெல்லாம் பொம்பளைங்களுக்குய்யா."

"சட்டத்துல அப்படி எழுதலையே சார். புதன்கிழமை என் வீட்டுக்காரி ஃபெம்கே வேலைக்குப் போவா. நான் பிள்ளையப் பாத்துக்கணும்."

மறுக்கக் காரணம் கிடைக்காமல் போல்ஹைஸ் சம்மதித்தார். அதன்பின் ஒவ்வொரு வியாழக்கிழமையும் டிரைவர் லாமெர்ட் அவரை டெப்போ வாசலிலேயே பிடித்துக்கொள்வார்.

"என்னம்மா, புள்ளைக்குப் பால் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு. ஏப்பமும் விட்டுட்டா" என்பார் கெர்லோஃப். சிரிக்க மாட்டார்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை, கொட்டுகிற மழையில், லாமெர்ட்டின் பஸ் கெர்லோஃப் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. கியர் விழவில்லை. லாமெர்ட் போய்க் கதவைத் தட்டினார். கெர்லோஃப் இடுப்பில் குழந்தையோடு வந்தார்.

"கடவுளாப் பாத்து இங்க நிறுத்தியிருக்கான். கொஞ்சம் வந்து பாருப்பா."

"இன்னிக்குப் புதன்கிழமை."

"பஸ்ஸுக்கு அது தெரியுமா?"

"உனக்குத் தெரியுமில்ல? டெப்போவுக்குப் போன் பண்ணு. குளிருது, எல்லாரையும் உள்ள வரச் சொல்லு."

பயணிகள் அத்தனை பேரும் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு காபி, ஒரு பிஸ்கட். ஒன்று எடுத்ததும் டப்பாவை மூடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். கெர்லோஃப் அன்றும் மூடினார். காபி ஊற்றக் கை வேண்டுமென்று குழந்தையை லாமெர்ட்டிடம் கொடுத்தார். அது அவருடைய சீருடைமேல் வாந்தி எடுத்துவிட்டு அங்கேயே தூங்கிப்போனது. லாமெர்ட் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

டெப்போவிலிருந்து அனுப்பப்பட்ட இளைய மெக்கானிக் நான். நனைந்துகொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். ஜன்னலில் கெர்லோஃபின் முகம் தெரிந்தது. பல்வலிக்காரர் முகம் மாதிரி இருந்தது. ஒருமுறை குடையோடு வந்து எனக்குக் காபி கொடுத்தார். எஞ்சின் பக்கம் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"கோளாறு எங்கேன்னு நான் சொல்லக் கூடாது" என்றார். "சொன்னா அடுத்த புதன்கிழமையும் வருவீங்க."

ஒருவழியாகக் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன். பயணிகள் மனசில்லாமல் எழுந்தார்கள். சோபாவில் குறட்டை விட்ட ஒரு கிழவரை இரண்டு பேர் தாங்கிப் பஸ்ஸில் ஏற்றினார்கள்.

மறுநாள் வாசலில் லாமெர்ட் எதுவும் கேட்கவில்லை. போல்ஹைஸ் கெர்லோஃபிடம் கத்தினார், பிறகு என்னைக் கியர் பாக்ஸ் பயிற்சிக்கு அனுப்பினார். வசந்தம் வந்ததும் லாமெர்ட் வாரந்தோறும் வெள்ளிக்கிழமை விடுப்புக் கேட்டார். அவர் வீட்டிலும் ஒரு சின்னவன் இருந்தான். அடுத்து வேறு இருவர். பிறகு வெள்ளிக்கிழமைகளில் டெப்போவில் ஆளே இல்லை என்று புலம்பிய போல்ஹைஸ், ஒரு வெள்ளிக்கிழமை தானும் வரவில்லை.

ஹிஸ்கே இப்போது வளர்ந்து குரோனிங்கன் நகரத்தில் அறை எடுத்துப் படிக்கிறாள். கெர்லோஃப் இன்றும் புதன்கிழமை வருவதில்லை. போன வாரம் வியாழக்கிழமை கேட்டேன்: "வீட்ல ஆளே இல்ல. நேத்து என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணல" என்றார். "சாயங்காலம் வரைக்கும் அதுக்கே சரியாப் போச்சு."