குரங்குக்குத் திறக்காத கதவு

போன மாதம் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில், கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று காலால் தரையை ஓங்கி மிதித்தேன். கதவு அசையவில்லை. மறுபடியும் மிதித்தேன். மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மிதிக்கத் தேவையில்லம்மா. மேல ஒரு கண்ணு கீது பாரு, அது ஆளப் பாத்தா தானா தொறக்கும். ரெண்டு அடி முன்னால வா" என்றாள். சில இடங்களில் பொத்தானை அழுத்த வேண்டுமாம், சில இடங்களில் கையைக் காட்டினால் போதுமாம். எனக்குத் தெரிந்த முதல் தானியங்கிக் கதவு மிதித்தால்தான் திறக்கும். அதைச் செய்தவர் என் மாமனார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசியில் கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தேன். மலையடிவாரத்தில் வீடு. மாமியார் அப்போதே இல்லை. வீட்டுக்காரர் விடிந்ததும் ரயிலேறிப் பட்டணத்துக்கு வேலைக்குப் போனால், இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவார். பகலெல்லாம் முன்கட்டில் மாமனார் தறியில், பின்கட்டில் நான். மருமகள் மாமனார் எதிரில் நிற்கக் கூடாது, நேராகப் பேசவும் கூடாது. அவரும் என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் தறியைப் பார்த்துத்தான் சொல்வார்.

வந்த புதிதில், தறியின் பாவு நூலுக்குப் போடக் காய்ச்சிய கஞ்சியை இரண்டு கையிலும் கொட்டிக்கொண்டேன். விரல் தெரியாமல் கட்டுப் போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா மத்தியானம் வந்து ஊட்டிவிட்டுப் போவாள். கொல்லைக்குப் போய்க் குரல் கொடுத்தால், எந்த ஒத்தாசைக்கும் ஓடி வருவாள். ஆனால் கொல்லைக் கதவைத் திறக்க வேண்டுமே! திறந்து வைக்கலாம் என்றால் மலைக் குரங்குகள் உள்ளே வந்து அடுப்படியைச் சூறையாடிவிடும். கொல்லைக்குப் போக வேண்டும், கதவைத் திறங்கள் என்று மாமனாரிடம் எந்த வாயால் கேட்பேன்? தண்ணீர் குடிப்பதை விட்டேன். பிறகு சோற்றையும் குறைத்தேன். உதடு வெடித்தது, காய்ச்சல் வந்தது. யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

ஒருநாள் தறிச் சத்தம் நின்று, கொல்லைப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. நான் அறைக்குள்ளேயே இருந்தேன். மாமனார் தறிக்குத் திரும்பிய பிறகு அவர் குரல் வந்தது. "பலகை மேல கால வச்சா கதவு தொறந்துக்கும். கால எடுத்தா சாத்திக்கும். தண்ணி குடிக்கிறவங்க தாராளமா குடிக்கலாம்." தறியிடம்தான் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். தறிக்கு வைத்திருந்த மாற்று மிதிபலகைகளைக் கதவு நிலைக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகப் பதித்திருந்தார். மிதித்தால் கயிறு கப்பியில் ஓடித் தாழ்ப்பாளைத் தூக்கும், கதவையும் இழுக்கும். காலை எடுத்தால் தொங்குகிற கல் கதவை மெல்லச் சாத்தும். அன்றைக்கு நான் குடித்த தண்ணீரின் ருசியை இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. நான் போய் வருவதை மதில்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு தடிக் குரங்கு, மறுநாளே வெளிப்பலகையில் ஏறி நின்று, விருந்தாளி மாதிரி உள்ளே வந்தது. வெல்லப் பானை காலி. மாமனார் தொங்குகிற கல்லோடு இன்னொரு கல்லைச் சேர்த்துக் கட்டினார். குரங்கு மிதித்துப் பார்த்தது, திறக்கவில்லை. நானும் மிதித்துப் பார்த்தேன், எனக்கும் திறக்கவில்லை! காய்ச்சலில் அவ்வளவு இளைத்திருந்தேன். எம்பிக் குதித்தால்தான் பலகை இறங்கியது. கொல்லையில் நான் குதிப்பதைக் குரங்கு மதில்மேலிருந்து வேடிக்கை பார்த்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "கல்லக் கொறைக்க மாட்டேன். ஒழுங்கா சோறு துன்னா கதவு தானா தொறக்கும்."

கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே அக்காவிடம் இன்னும் ஒரு வாய் கேட்டேன். மறுநாள் இன்னும் இரண்டு வாய். கை ஆறத் தொடங்கிய சமயத்தில் ஒருநாள், எப்போதும்போல் குதிக்கத் தயாராகிப் பலகையில் கால் வைத்தேன். அது சத்தமில்லாமல் இறங்கியது. கதவு திறந்தது. முன்கட்டில் தறி சட்டென்று நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓடத் தொடங்கியது.

அவர் இருந்தவரை நான் அவரிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. நன்றி என்று சொல்வதெல்லாம் அப்போது வழக்கமும் இல்லை. பெற்ற அப்பா செய்வதை, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் செய்துவிட்டுப் போன மனிதர் அவர்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்காகத்தான் ஆஸ்பத்திரிக்கே போனது. அன்று காலையில் மகள் மிரட்டியதால் இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தேன். அவள் சொன்னபடி இரண்டு அடி முன்னால் வைத்தேன். கண்ணாடிக் கதவு விலகித் திறந்தது.

"சாப்ட்டேன் மாமா" என்றேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "யார்கிட்டம்மா பேசற?"

"கதவுகிட்ட" என்றேன்.