டாக்டர் ரஹிமா பானுவின் கண்ணாடித் தட்டுகள்

மல்லசமுத்திரத்துப் பண்ணையொன்றிலிருந்து வந்த இறந்த கோழிகளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வக உதவியாளர் பழனிச்சாமி வாசலிலேயே நின்று சொன்னார்: "சார், நம்ம பூனை டாக்டரம்மா தவறிட்டாங்களாமா. சேலத்துல அவங்க ஊட்டுலருந்து போன் வந்துச்சுங்க."

சாவுச் செய்தியிலும் அவருடைய பெயர் வரவில்லை. அவர் டாக்டர் ரஹிமா பானு. நாமக்கல்லில் நம்முடைய கால்நடை நோய் ஆய்வகத்தில் பாக்டீரியா பிரிவைக் கவனித்தவர். அவரோடு பணியாற்றிய உங்களுக்காக எழுதும் இக்குறிப்பிலாவது அப்பெயர் முழுமையாக இருக்கட்டும்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த வீட்டில் அவர் மல்லி, சுல்தான் என்று இரண்டு பூனைகளை வளர்த்தார். எழுபதுகளின் இறுதியில் மல்லிக்கு மலவாயருகே உள்ள சுரப்பியில் சீழ் பிடித்தது. மருந்து கொடுத்தார், குணமாயிற்று. ஆனால் அதனுடனேயே வளர்ந்த சுல்தான் அதன் பின்புறத்தை முகர்ந்துவிட்டு, அயல் பூனையைக் கண்டதுபோலச் சீறியது. மறுநாள் அவர் என்னிடம் கேட்டார்: "மருந்து கிருமியக் கொன்னுச்சுங்க. கூடவே மல்லியோட வாசனையும் போயிருச்சு. அப்ப அந்த வாசனைய உண்டாக்குனது பூனையா, கிருமியாங்க?"

சுரப்பி தருவது உணவு மட்டுமே. அதை உண்டு அங்கே வாழும் பாக்டீரியாக்களே பூனைக்குரிய மணத்தை உண்டாக்குகின்றன என்பது அவருடைய கருத்து. அதை நிறுவுவதற்காக மதிய உணவு வேளையை விட்டுக்கொடுத்தார். அலுவலக நேரத்தில் ஒரு நிமிடமும் எடுத்ததில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "ஏனுங்க டாக்டரம்மா, இங்க கோழி கொத்துக் கொத்தாச் சாகுது, நீங்க பூனை வாலத் தூக்கி மோந்துட்டிருக்கறீங்களாமா?" நம்மவர்கள் சிரித்தார்கள். "உங்க கோழிக்குக் காலையிலயே மருந்து எழுதி வெச்சுட்டேனுங்க. இது என்னோட சோத்து நேரம்" என்றார் அவர்.

மல்லியின் வாசனை மெல்லத் திரும்பிய பிறகு, இரு பூனைகளின் சுரப்பி நீரையும் கிருமி வளர்க்கும் தனித்தனிக் கண்ணாடித் தட்டுகளில் இட்டு, காற்றுப் புகாத ஜாடிகளில் வளர்த்தார். ஒருநாள் அவற்றைத் திறந்து, என் கண்ணை மூடச் சொன்னார். "எது மல்லி, எது சுல்தான், சொல்லுங்க பாக்கலாம்." இரண்டும் கடும் நாற்றம், ஆனால் வெவ்வேறு நாற்றம். பூனைகளை அறிந்திருந்த நான் சரியாகவே சொன்னேன். அவர் மகிழ்ந்துவிடவில்லை. "ஒருக்கா வந்தாப் பத்தாதுங்க. மறுபடியும் வரோணும்."

மறுபடியும் வர விடவில்லை. நாற்றமெடுத்த தட்டு கெட்டுப்போன தட்டு என்பது நம் ஆய்வக வழக்கம். மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்றதும், அப்போதைய துணை இயக்குநர் அவ்வளவு தட்டுகளையும் ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலத்தில் வேகவைத்துக் கழுவச் சொன்னார். தட்டில் பெயர் எழுதியவரைக் கேட்காமல் அழிக்கக் கூடாது என்பதும் அதே ஆய்வகத்தின் விதிதான். ரஹிமா பானு விடுப்பு முடிந்து வந்தபோது கழுவிய கண்ணாடிதான் இருந்தது.

"ஆபீசே கக்கூஸ் மாதிரி நாறுச்சும்மா. வேற வளத்துக்குங்க."

"அந்த நாத்தந்தானுங்க சார் என்னோட ரிசல்ட்டு."

அதற்குள் மல்லி இறந்திருந்தது. வேறு பூனைகளைக் கொண்டு தொடங்க அனுமதி கேட்டார். பூனை இத்துறையின் வேலையன்று என்று மறுத்து, அவரைத் தடுப்பூசிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நேற்றைய இரங்கல் கூட்டத்தில், தட்டுகளைக் கழுவச் சொன்ன அதே அதிகாரி, ஓய்வுபெற்ற பெரியவராக வந்து, "பூனைகள்மேல் அளவற்ற பாசம் கொண்ட அம்மையார்" என்றார். ஆய்வு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நீங்கள் கைதட்டினீர்கள்.

என்னிடம் அவருடைய பொருள் எதுவும் இல்லை. இரண்டு ஜாடிகளைத் திறந்தபோது எழுந்த இரு வேறு நாற்றங்கள் மட்டும் நினைவில் இருக்கின்றன. அவர் கண்டது உண்மை என்பதற்கு ஒற்றை மனிதனின் மூக்குச் சாட்சியை எந்த அறிவியலும் ஏற்காது. அவரும் ஏற்றிருக்க மாட்டார்.