ஒரு சீட்டுக்கு நாற்பது வார்த்தை

அம்மாவை அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று எனக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் அம்மாவும் ஒருத்தி.

சுரண்டையில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு முடித்திருந்த என்னை, தென்காசியில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் சேர்ப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் டெம்போ ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கிற நேரத்தைவிட அவர் புளியரை செக்போஸ்ட்டில் நிற்கிற நேரம்தான் அதிகம். ஆகவே சேர்க்கிற பொறுப்பு அம்மா தலையில். அதுவும் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, எதிர்வீட்டு அக்கா வந்து வயிற்றில் புளியைக் கரைக்கும்வரை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை மட்டும் கேள்வி கேட்கமாட்டார்களாம். பெற்றவளையும் உட்காரவைத்து இங்கிலீஷில் கேட்பார்களாம். போன வருஷம் அவளுடைய நாத்தனார் மகனுக்கு அப்படித்தான் சீட் போயிற்றாம்.

"புள்ள டாண் டாண்னு சொல்லிட்டான். இவ முழிச்ச முழியில எல்லாம் போச்சு" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அம்மா அடுப்பில் இருந்த பாலைப் பொங்கவிட்டாள்.

அம்மா எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படிப்பாள், பேச வராது. மூன்றாம் வகுப்பில் இரண்டே இடம்தான் பாக்கி என்று வேறு சொல்லியிருந்தார்கள். அன்றைக்கே குற்றாலத்துக்கு போன் போட்டு அத்தையை வரச் சொன்னாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பி.காம். படித்துவிட்டு அங்கே ஒரு லாட்ஜில் கவுண்டரில் வேலை பார்த்தாள். சீசனுக்கு வருகிற வெளியூர்க்காரர்களிடம் ரூம் இல்லை என்பதை இங்கிலீஷில் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு நன்றாகத் திரும்பியிருந்தது.

அத்தை வந்தாள், கேட்டாள், தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"மதினி, நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க. நானே அவளுக்கு அம்மையா போயி உக்காந்துட்டு வாரேன். யாரு கண்டுபிடிக்கப் போறா?"

அம்மா கொஞ்ச நேரம் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்படியே செய்யி" என்றாள். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடனே கொடுத்திருப்பேன். அத்தை லிப்ஸ்டிக் போடுகிறவள், கைக்கடிகாரம் கட்டுகிறவள். ஒரு மணி நேரம் அவளை அம்மாவாக வைத்துக்கொள்ள எனக்குக் கசக்கவா செய்யும்?

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பாடம் நடந்தது. ஒன்று, அத்தையை அம்மா என்று கூப்பிடுவது. இரண்டாவது, நாற்பது வார்த்தை. பள்ளிக்கூடம் சம்பந்தமாகத்தான் கேட்பார்கள் என்று அத்தைக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். லாட்ஜ் பில்லின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தாள். பிரின்சிபால், அட்டென்டன்ஸ், டைம்டேபிள், லைப்ரரி, லேபரட்டரி, ஸ்டாஃப் ரூம், வாட்ச்மேன், ஆயா என்று போகும். இதில் பாதியை நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரு பெரிய டீச்சர், ஒரு சின்ன டீச்சர், ஒரு வேப்பமரம். லைப்ரரி என்றால் என்ன என்று கேட்டதற்கு, "பேசாம இருக்க வேண்டிய எடம்" என்றாள் அத்தை. எனக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வந்தது.

அத்தை இரண்டு நாள், திஸ் இஸ், ஷி இஸ் என்று வாக்கியமாகச் சொல்லவும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள். மிச்சத்தை அம்மாதான் ஒப்பிக்க வைத்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள். நான் திக்கினால் தாளைப் பார்க்காமல் அவளே எடுத்துக்கொடுப்பாள். நாலாவது நாளில் நாற்பதும் அவளுக்குத் தலைகீழாக வந்தது, எனக்கு முப்பதுதான் வந்தது. அப்போது எனக்கு அதில் எரிச்சல்தான். இவள் எதற்குப் படிக்கிறாள், இவளையா கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். அம்மா சிரித்துவிட்டு அடுத்த வார்த்தையைக் கேட்டாள்.

போகவேண்டிய நாளன்று சாரல் பிடித்துக்கொண்டது. அம்மா வீட்டிலேயே இருக்கட்டும் என்றுதான் அத்தை சொன்னாள். அம்மா கேட்கவில்லை. "நான் வெளிய நிக்கேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று குடையையும் என் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே நான் பழக்கதோஷத்தில் அம்மா என்று அவள் கையைப் பிடித்தேன். அத்தை என் தோளில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அம்மா மெதுவாகக் கையை உருவிக்கொண்டு நாலடி பின்னால் நடக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் வரைக்கும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். பார்க்காதே என்று அவள் கண்ணாலேயே சொன்னாள்.

பிரின்சிபால் அறைக்கு வெளியே நீள வராண்டா. அம்மா ஜன்னலோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். எங்களுக்கு முன்னால் உள்ளே போன ஒரு பையன் அழுதுகொண்டு வெளியே வந்தான். அவனுடைய அப்பா யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். காலையிலேயே ஒரு இடம் போயிருக்கும், இனி ஒன்றுதான், அதுவும் இருக்குமோ இல்லையோ என்று அத்தை முணுமுணுத்தாள். நாற்பது வார்த்தையும் என் தலைக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

உள்ளே கூப்பிட்டார்கள். பிரின்சிபால் கண்ணாடி போட்ட ஒரு பெரிய அம்மாள். அத்தை இங்கிலீஷில் வணக்கம் சொல்லிவிட்டு, தயாராக வைத்திருந்த நாலு வாக்கியத்தையும் எடுக்கப் போனாள்.

"உக்காருங்கம்மா. சுரண்டையா? பஸ்ல கூட்டமா? பிள்ளையோட அப்பா என்ன பண்ணுதாங்க?" என்றார் பிரின்சிபால்.

நாலு வாக்கியத்தையும் விட்டுவிட்டு அத்தையும் தமிழிலேயே பதில் சொன்னாள். அவ்வளவுதான், அம்மாவுக்கென்று இருந்த பரீட்சை முடிந்துபோயிற்று. அம்மாவே வந்து உட்கார்ந்திருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பாள். அப்பா எந்நேரம் வண்டி எடுப்பார், எத்தனை நாளைக்கு ஒருமுறை வருவார் என்பதெல்லாம் அத்தைக்குச் சரியாகத் தெரியவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். என்னிடம் தமிழில் கேட்கவில்லை, எல்லாம் இங்கிலீஷ்தான். சுவரில் இருந்த படங்களைக் காட்டிக் காட்டிக் கேட்டார். சொன்னேன். லேபரட்டரியில் நாக்கு தடுமாறியது, சமாளித்துவிட்டேன். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் என் கண் ஜன்னலுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. சரியாகச் சொன்னேனா என்று அம்மாவைப் பார்ப்பது ஒரு வாரப் பழக்கம். அம்மாவும் தன்னையறியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

பிரின்சிபால் பேனாவைக் கீழே வைத்தார். கழுத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். யார் அது, ஏன் அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று இங்கிலீஷில் கேட்டார். அத்தை என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிரின்சிபால் கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு, பிள்ளை சொல்லட்டும் என்றார்.

அம்மா என்கிற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் எல்லாம் போச்சு என்பது மட்டும் எனக்குத் தெரியும். என்னிடம் இருந்ததோ நாற்பது வார்த்தை. அதில் டீச்சர் சரிப்படாது, வாட்ச்மேன் ஆம்பிளை. தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிற பொம்பளைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் பொருந்தியது.

"ஷி இஸ் அவர் ஆயா, மேம்" என்றேன்.

பிரின்சிபாலுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். முழு வாக்கியமாகச் சொல்கிறாளே என்று அத்தையிடம் பாராட்டினார். வீட்டில் பிள்ளைக்கு ஆயா வைத்திருக்கிறீர்களா, நல்லது என்றார். அத்தை விண்ணப்பத்தில் அம்மாவின் பெயரை இங்கிலீஷில் கையெழுத்தாகப் போட்டாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. நான் பார்த்தபோது அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து, தூணோரமாகப் போய் நின்றுகொண்டிருந்தாள். சாரல் அடிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, சித்தின்னு சொல்லியிருக்கலாம்லா? பக்கத்து வீடுன்னு சொல்லியிருக்கலாம்லா? வாயில வேற ஒண்ணும் வரலியா ஒனக்கு?"

"புள்ளயப் போட்டு ஏன் வையுத? நாம சொல்லிக்குடுத்ததத்தான சொன்னா" என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "நல்லாத்தான் சொன்ன. திக்காமச் சொன்ன" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வாக்கியத்தை வீடு வந்துசேரும்வரை இரண்டு மூன்று தரம் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அம்மாதான் கொண்டுவிட்டாள். மற்ற பிள்ளைகளுடைய அம்மாமார் எல்லோரும் வகுப்புவரை போனார்கள், பெஞ்சில் உட்காரவைத்தார்கள், தலையைச் சரிசெய்தார்கள். என் அம்மா கேட்டிலேயே நின்று பையை என் தோளில் மாட்டினாள். நீயும் வா என்று இழுத்தேன்.

"நான் வரப்படாதுல்லா. நீ போ, மணி அடிச்சிரும்" என்றாள்.

அங்கே பத்து வருஷம் படித்தேன். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அத்தை, பெற்றோர் கூட்டத்துக்கு அத்தை, பரிசு வாங்கிய அன்று மேடையில் என் பக்கத்தில் நின்றதும் அத்தை. சோற்று டப்பாவை மறந்துவிட்டுப் போனால் அம்மா சுரண்டையிலிருந்து பஸ் ஏறி வந்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். கேட்டைத் தாண்டி அவள் ஒருநாளும் வந்ததில்லை. அதை ரொம்ப நாள்வரை நான் அந்தப் பள்ளிக்கூடத்தின் சட்டம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.