குணா அண்ணையின் பதினொரு கோடை

குணா அண்ணை போய்விட்டார்.

காலையில் வேலைக்குக் காரை எடுக்கும்போது அவர் மனைவி வசந்தி அக்காவின் ஃபோன். "தம்பி, அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்..."

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த அஜின்கோர்ட்டில் அவரைப் பலருக்கும் வீடுகளுக்குச் சுவர்ப் பலகை அடிக்கிற டிரைவோல் வேலைக்காரராகத் தெரியும். பதினொரு கோடை கேலிக் ஃபுட்போல் விளையாடியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ... அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அது அயர்லாந்துக்காரரின் விளையாட்டு. பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். கோல் கம்பங்களுக்கு நடுவே, உயரத்தில் போனாலும் ஒரு புள்ளி உண்டு.

எங்கள் வேலையிடத்து ஐரிஷ் ஃபோர்மன்தான் ஒரு சனிக்கிழமை எங்கள் இருவரையும் தான் ஆடுகிற ரீமின் பிறக்ரிசுக்கு, பயிற்சிக்கு, கூட்டிப்போனார். நான் அன்றைக்கே விலா நோவோடு விட்டுவிட்டேன். ஊரில் கரப்பந்து ஆடிய குணா அண்ணை, முப்பத்திரண்டு வயதில், அடுத்த கிழமையும் போனார்.

முதல் கோடை முழுக்க ஒரு மட்ச்சிலும் அவரை இறக்கவில்லை. காரில் கூட்டிப்போகிற எனக்கே எரிச்சல்.

"அண்ணை, உவங்கள் உங்களை இறக்கமாட்டாங்கள். விடுங்கோ."

"இறக்கிறது அவையின்ர வேலையடாப்பா. நான் ரெடியா நிக்கவேணும்."

இரண்டாவது கோடையில் ஒருநாள், கொட்டுகிற மழையில், ஒருவருக்குக் காலில் அடிபட்டு இவரை இறக்கினார்கள். முதல் பந்தே உயரத்தில் வந்தது. தன்னைவிட ஓரடி உயரமானவனுக்கு மேலால் எம்பி, இரண்டு கையாலும் பிடித்தார்... அதற்குப் பிறகு அவர் பென்ச்சில் இருந்ததை நான் பார்க்கவில்லை.

நாலாவது வருசம் ஃபைனல். ஒரு புள்ளி பின்னுக்கு நிற்கிறோம், கடைசி நிமிசத்தில் ஒரு ஃப்ரீ கிக். வழக்கமாக அடிக்கிறவர் காயப்பட்டு வெளியே. எல்லாரும் ஒருவரையொருவர் பார்க்க, குணா அண்ணை போய்ப் பந்தை எடுத்தார்.

கம்பத்தில் பட்டு வெளியே போனது. தோல்வி.

திரும்பி வரும்போது 401 நெடுஞ்சாலையில் நான்தான் சொன்னேன், "காத்து அண்ணை, காத்துத்தான்."

"காத்து இல்லையடா. நான் கால் சரியா வைக்கேல்லை."

அடுத்த நாளே மில்லிக்கன் பார்க்கில் தொடங்கிவிட்டார். வேலை முடிந்து ஒவ்வொரு நாளும், இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே ஐம்பது உதை. பந்து பொறுக்கினது நான்.

"உந்த மனுசனுக்கு ஐம்பதும் முடிஞ்சால்தான் சோறு இறங்குமாம்," என்று வசந்தி அக்கா சாப்பாட்டைக் காருக்கே கொண்டுவந்து தந்த நாளும் உண்டு. பனி கொட்டித் தரை மூடும்வரை நிறுத்தவில்லை.

அடுத்த கோடையில், ஒரு சாதாரண மட்ச்சில், அதேபோல ஒரு ஃப்ரீ கிக். கோச் வேறொருவரைக் கைகாட்டினார். குணா அண்ணை அதற்குள் பந்தோடு நின்றார்.

"ஐ ரேக்." தானே அடிக்கப்போவதாகத் தன் இங்கிலீஷில் சொன்னார்.

நடுவால் போனது. அன்றைக்கும் நாங்கள் தோற்றுத்தான் போனோம்... ஆனால் அதற்குப் பிறகு முழங்கால் கைவிடும்வரை, ஏழு கோடை, அந்த ரீமின் ஃப்ரீ கிக் எல்லாம் அவருடையது. கப் ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்று மத்தியானம் ஃபோர்மனுக்கு ஃபோன் அடித்து, ஞாயிற்றுக்கிழமை இறுதிக்கிரியை என்று சொன்னேன். எழுபதைத் தாண்டிவிட்டார் இப்போது. "ஞாயிறு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

போயிட்டு வாங்கோ, அண்ணை.