டைக்ரின் சார்

சூசைமாணிக்கம் சார் காலமாகிவிட்டார் என்ற செய்தி, மீன்சுருட்டி பள்ளியில் நான் மதியச் சாப்பாட்டைப் பிரித்தபோது வந்தது. துக்கம் தொண்டையை அடைத்தது என்று எழுத ஆசைதான். சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தேன்.

முன்பு வரதராஜன்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் அவரும் நானும் ஆங்கில ஆசிரியர்கள். நான் சேர்ந்த அன்றே, ஜன்னலில் படுத்திருந்த வரிப்பூனையைக் காட்டி, "இத எப்படி வர்ணிப்பீங்க டீச்சர்?" என்று கேட்டார்.

"புலி மாதிரி இருக்கு சார்."

"சே, பட்டிக்காடு! டைக்ரின்னு சொல்லுங்க."

புலியை ஒத்தது என்று பொருள்படும் அந்த ஆங்கிலச் சொல்லை அகராதியில் பிடித்துக்கொண்டு, வேறு யாருக்கும் தெரியாது என்ற பெருமையிலேயே காலம் தள்ளியவர் அவர். தலைமையாசிரியையின் கோடு போட்ட புடவை டைக்ரின். ஜெயங்கொண்டம் பஸ் உறுமினாலும் டைக்ரின். கடைசியில், "நம்ம சுபாவமே டைக்ரின் டீச்சர்" என்று தம்மையும் சேர்த்துக்கொண்டார். தெருநாய் குரைத்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றி வருகிற சுபாவம் அது.

நான் ஏழு மாதக் கர்ப்பிணியாக விடுப்புக் கேட்டபோது, கரஸ்பாண்டென்ட் வேலையை விட்டே போகச் சொன்னார். என் கணவருக்கும் வேலை இல்லாத நேரம்.

"அழுவாதீங்க. நாளைக்கு மீட்டிங்ல நான் எந்திரிச்சுக் கேக்குறேன். டைக்ரின்னா என்னன்னு அந்தாளுக்குக் காட்டுறேன்" என்றார் சார். நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"கிரேசி டீச்சர் விஷயமா யாராச்சும் பேசணுமா?" என்று மறுநாள் மீட்டிங்கில் கரஸ்பாண்டென்ட்டே என்னைக் காட்டிக் கேட்டார். சார் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். "சார்..." என்று மெல்லக் கூப்பிட்டேன்.

"டீ ஆறிடும் டீச்சர், குடிங்க" என்றார்.

அன்றோடு என் வேலை போயிற்று.

அடக்கத்துக்குப் போனேன். வாசல் பிளக்ஸில் சாருக்குப் பக்கத்தில் ஒரு புலி வாயைப் பிளந்து நின்றது. அவர் மனைவி பிலோமினா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒனக்காவ கரஸ்பாண்டென்ட்டுகிட்ட மல்லுக்கு நின்னாராமே! சாவுற வரைக்கும் அதச் சொல்லிட்டே இருந்தாரும்மா. நினைவு மலர்ல அத நீதான் எழுதணும்."

பிள்ளை பெற்றுக் கிடந்தபோது எனக்குத் தூக்குவாளியில் கஞ்சி சுமந்து வந்தவர் இந்த அக்கா. அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பயம் யாருக்கும் வரும், அதை மன்னித்துவிடலாம். பயந்து உட்கார்ந்ததை வீரமாக்கி, கட்டிய மனைவியிடமே கதை விட்டு, அதில் என் பெயரையும் சேர்த்துக்கொண்டீர்களே சார், த்தூ!

மலருக்கு எழுதிவிட்டேன், அக்கா. அன்று மீட்டிங்கில் அவர் எழுந்திருக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டிலிருந்து எனக்காக வந்தது நீங்கள் ஒருவர்தான்.

போய் வாருங்கள் சார். நீங்கள் சொல்லாததை அக்காவிடம் நான் சொல்லிவிட்டேன். இனி அவர் உங்கள் கல்லறைக்குப் பூக் கொண்டுவந்தால், அது பிளக்ஸ் புலிக்கு அல்ல, உங்களுக்கே உங்களுக்கு. கொண்டுவராவிட்டால், அதுவும்.