ஆறாவது சருக்கம்

எங்கள் ஊர் திரெவீசோவில் கல்யாணம் என்றால் விருந்து மட்டும் போதாது. பெண்ணுக்கு வாழ்த்தாக அவள் வீட்டார் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டுக் கொடுக்கவேண்டும். உள்ளே எந்தக் குப்பை இருந்தாலும் சரி, முகப்பில் மணமக்கள் பெயர் இருந்தால் போதும்.

என் அக்கா எர்சீலியா கவிதை எழுதுவாள். ஆனால் அவள் உயிரெல்லாம் ஒரு பழைய கிரேக்கக் கடற்பாட்டை எங்கள் மொழிக்குக் கொண்டுவருவதில்தான் இருந்தது. ஆறு சருக்கம், பதினோரு வருஷம். மகளின் எழுத்து அச்சேறுவது அப்பாவுக்கு மானக்கேடு. கல்யாணப் புத்தகம் என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்வார். அதனால் வீட்டுப் பெண் ஒவ்வொருத்தி கல்யாணத்துக்கும் ஒரு சருக்கம் வெளியே வந்தது. ஐந்தாவது என் கல்யாணத்துக்கு. நான் அதைப் படிக்கவே இல்லை, வெட்கத்தோடு சொல்கிறேன்.

ஆறாவதில்தான் மாலுமிகள் கரை சேர்கிறார்கள். ஆனால் வீட்டில் கல்யாணமாகாதவள் அக்கா ஒருத்தியே மிச்சம்.

மனைவியை இழந்த மருந்துக்கடை போர்த்தொலோ பெண் கேட்டு வந்தார். வாயைத் திறந்தால் மூலநோய்ப் பேச்சுதான்.

“அந்தக் கிழவனையாக்கா கட்டிக்கப் போற?” என்றேன்.

“புத்தகம் வருமில்ல?” என்றாள்.

வீட்டுக் கல்யாணப் புத்தகங்களை அச்சுக்குக் கொண்டுபோவது சித்தப்பா அன்செல்மோதான்; ஆறாவதின் கைப்பிரதியை அவரிடம் கொடுத்தாள். அவரும் தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

தேவாலயத்திலிருந்து திரும்பி, பந்தியில் நீல அட்டைப் புத்தகங்களைச் சித்தப்பா விநியோகித்தார். அக்கா பிரித்தாள். பட்டுப்புழுவுக்கு வரும் நோய்கள் பற்றிச் சித்தப்பா எழுதிய கட்டுரை.

“என்னோடது எங்க, சித்தப்பா?”

“அசடே, கல்யாணப் பொண்ணு தனக்குத் தானே வாழ்த்துப் புத்தகம் போட்டுக்குவாளா? ஊரு சிரிக்காது? இன்னைக்கு நீ வாங்கிக்கிறவம்மா!”

பந்தியே சிரித்தது. வழக்கப்படி அவர் சொன்னது சரிதான், அதுதான் என் வயிற்றெரிச்சல். அவளுக்கும் எனக்கும் அது தோன்றவே இல்லை. போர்த்தொலோ புழுக்களின் வயிற்றுப்போக்கு பற்றிய பக்கத்தை ஆர்வமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. எங்கள் பிள்ளைகளெல்லாம் பையன்கள். அடுத்த தலைமுறையில் அதுதான் முதல் பெண். பார்க்கப் போனேன். தலையணைக்கு அடியில் ஆறாவதின் கைப்பிரதி நீட்டிக்கொண்டிருந்தது.

அக்கா தொட்டில்மேல் குனிந்து, “சீக்கிரம் வளருடி கண்ணு. நல்ல மாப்பிள்ளையாப் பாத்துரலாம்” என்றாள்.

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. குழந்தைக்கு அன்று ஒன்பதாம் நாள்.