சொளகில் வைத்த இன்ஜின்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. கையில் டீ கிளாஸோடு வீட்டின் பின்புறம் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

என் பைக்கின் இன்ஜினை யாரோ தரம் பிரித்து வைத்திருந்தார்கள்.

ஆமாம், தரம் பிரித்துத்தான். பெரிய போல்ட்டுகள் ஒரு குவியல். நடுத்தரம் ஒரு குவியல். சின்னது, அதைவிடச் சின்னது... நட்டு, வாஷர், ஸ்பிரிங் எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, அளவு வாரியாகப் பளபளவென்று. பார்க்க அவ்வளவு அழகு. நான் டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் பைக்கைத் தெரிந்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் மாமா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனபோது எங்கள் வீட்டில் விட்டுப்போன பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி அது. வருஷக்கணக்கில் அதை அனுபவித்தது எங்கள் கோழி மட்டும்தான். சீட்டுக்கு அடியில் முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சும் பொரித்தது. நான் ஸ்பேனரோடு போய் நின்ற அன்று அது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... வீட்டைக் காலி பண்ணச் சொல்ல வந்த ஓனரைப் பார்க்கிற பார்வை.

எனக்கு வேறு வழியில்லை. நான் பி.எட். படிக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள். இப்போது கற்பித்தல் பயிற்சிக்காக மலைச்சரிவில் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறார்கள். போடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் பிரேயர் முடிந்த பிறகுதான் போய்ச் சேரும். ஜீப்பில் போகலாம்தான். ஆனால் ஜீப் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களுக்கானது. ஒவ்வொரு தோட்டமாக நின்று, ஆளை இறக்கி, சாப்பாட்டு வாளியை இறக்கி, விட்டுப்போன பேச்சையும் பேசி முடித்துத்தான் நகரும். நான் கடைசி ஸ்டாப்.

தலைமை ஆசிரியை ரொம்பவும் பொறுத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, வாத்தியாரு பிள்ளைகளுக்கு முன்னாடி வரணும். பிள்ளைக உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்கக் கூடாது. திங்கக்கிழமையும் இப்படின்னா, நான் உங்க காலேஜுக்கு எழுதிருவேன். வேற பள்ளிக்கூடம் பாத்துக்கங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வருஷத்தின் நடுவில் எந்தப் பள்ளிக்கூடம் என்னைச் சேர்க்கும்? பயிற்சி முடியாவிட்டால் பட்டம் ஏது?

ஆகவே திங்கட்கிழமைக்குள் வண்டி ஓடியாக வேண்டும். ஆனால் மாணவன் ரிப்பேர் பார்க்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? சாயங்காலம் பஸ் இறங்கியதும் வெளிச்சம் இருக்கிறவரை ஒரு போல்ட், ரெண்டு போல்ட். அப்புறம் ரெக்கார்டு எழுத வேண்டும். இன்டர்னல் டெஸ்ட் வந்தால் வண்டிக்கும் சேர்த்து லீவு. இப்படியே இழுத்துக்கொண்டு போய், இன்ஜினை மொத்தமாகப் பிரித்துச் சுத்தம் செய்து, மாட்டுகிற வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வைத்திருந்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிற என் சேக்காளி மாரி ஒரே ஒரு விதிதான் சொல்லியிருந்தான். "கழட்டுன வரிசையிலேயே வையி மாப்ளே. மாட்டும்போது கடைசியில இருந்து வா. குழம்பவே மாட்ட."

அப்படியேதான் வைத்திருந்தேன். எதில்? அங்கேதான் தப்பு நடந்தது. அம்மாவிடம் உபரியாகக் கிடந்த சொளகில், அதாவது முறத்தில்.

அம்மாவுக்கு வேலை ஏலக்காய் தரம் பிரிப்பது. கடையிலிருந்து மூட்டையை எடுத்துவந்து, சல்லடையில் சலித்து, சொளகில் பரப்பி, விரலால் தள்ளித் தள்ளிப் பெரிய காய், நடுத்தரம், சிறுசு என்று பிரிப்பார். வெடித்த காயையும் கருத்த காயையும் தனியாக ஒதுக்குவார். அதற்கு எங்கள் ஊரில் 'வெடிப்பு' என்று பெயர். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் கடைக்குத் திரும்பிவிடும். டி.வி. பார்க்கும்போதும், பக்கத்து வீட்டோடு சண்டை போடும்போதும் அந்த விரல்கள் பிரித்துக்கொண்டே இருக்கும். அவர் கண் முன்னால் ஒரு சொளகில், பெரிசும் சிறிசும் கலந்து கிடந்தால்... அந்தக் கை சும்மா இருக்குமா?

"யாரும்மா இதத் தொட்டது?"

"நாந்தான் அப்பு. நேத்து நீ காலேஜுக்குப் போயிருக்கைல, வெடிப்பு ஒதுக்கிக்கிட்டே இதையும் ஒரு கை பாத்தேன். ஒரே தாறுமாறு. பெருசும் சிறுசும் ஒண்ணாக் கெடக்கு, நீயெல்லாம் என்னத்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கப் போற?"

அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமை.

வரிசை போனால் போகட்டும், போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். குவியல்களைக் கிளறினேன். ஒரு சாமானை மட்டும் காணோம். அரை நிலா வடிவத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கருத்த இரும்புத் துண்டு. மெக்கானிக்குகள் அதைக் 'கீ' என்பார்கள். இன்ஜினின் ஓரத்தில் சட்டி மாதிரி ஒரு காந்தச் சக்கரம் சுற்றும். அதை அதன் இடத்தில் அசையாமல் பிடித்துக்கொள்வது இந்தத் துண்டுதான். இது இல்லையென்றால் நெருப்புப் பொறி வரவேண்டிய நேரத்தில் வராது. வண்டி ஓடாது. அந்த மாடலுக்கு ஸ்பேர் வருவதும் நின்றுபோய்விட்டது.

"அம்மா, அரை நிலா மாதிரி ஒண்ணு இருந்துச்சே. கருப்பா, சின்னதா..."

"வெடிச்ச காயி மாதிரியா?"

"ஆமா."

அம்மா தன் விரல்களையே பார்த்தார்.

"வெடிப்போட போட்டுட்டேன் போல அப்பு."

"வெடிப்பு எங்க?"

"நேத்தே கடைக்குப் போயிருச்சே."

நான் திங்கட்கிழமையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா அதைவிடப் பெரியதை யோசித்துக்கொண்டிருந்தார். அது எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. ஏலக்காயில் இரும்பு. சரக்கு வாங்குகிறவன் கையில் அது கிடைத்தால், மொத்த லோடும் திரும்பி வரும். யார் வீட்டு மூட்டை என்று தேடுவார்கள். அப்புறம் போடியில் எந்தக் கடை அம்மாவை நம்பி மூட்டை கொடுக்கும்? நான் காலேஜ் போனதே அந்த மூட்டைகளின் மேல் உட்கார்ந்துதான்.

"நான் வந்து மொதலாளிட்ட சொல்றேம்மா. தப்பு என் மேலதான்."

"நீ பேசாத. நீ பேசுனா பாடம் எடுக்குற மாதிரியே இருக்கும். கூட மட்டும் வா."

கடை முதலாளி சவரியப்பன் வெள்ளைச் சட்டை போட்டு சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்மா சுற்றி வளைக்கவில்லை. "மொதலாளி, எம் மகன் வண்டிச் சாமான் ஒண்ணு, இரும்பு, நேத்து குடுத்த வெடிப்புல விழுந்துருச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டிச் சாமானுக்கும் ஏலக்காய்க்கும் என்ன சம்பந்தம் பேச்சி? வீட்ல சரக்கு பாக்குறியா, ஒர்க்‌ஷாப்பு நடத்துறியா?"

"கை பழக்கம் மொதலாளி."

"நாளைக் காலையில மதுரைக்கு லோடு ஏறுது. எல்லா வீட்டு வெடிப்பையும் கொட்டிக் கலந்தாச்சு. அங்க பாரு."

பார்த்தோம். குடோன் தரையில், தார்ப்பாயின் மேல், இடுப்பு உயரத்துக்கு வெடிப்பு. வாசனையில் மூக்கு எரிந்தது. அதில் வெடித்த காய் மாதிரியே இருக்கிற ஒரு இரும்புத் துண்டு.

"சர்ச்சு முடிஞ்சு வர்றதுக்குள்ள எடுத்துக் குடுத்தா சரி. இல்லன்னா நான் இந்த லோடை அனுப்ப முடியாது பேச்சி. நீயே சொல்லு, அனுப்பலாமா?" என்றார்.

அம்மா சொளகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். அள்ளிப் போட்டுப் பரப்பிப் பார்த்தோம். மறுபடி அள்ளினோம். குவியல் குறைகிற மாதிரியே தெரியவில்லை. இந்த வேகத்தில் போனால் லாரி வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும். சல்லடையில் விடலாம் என்றால் காயும் இரும்பும் ஒரே அளவு.

கையால் பொறுக்கியாயிற்று. சலிப்பதும் உதவாது. அடுத்து...

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது எனக்குத் தெரிந்த வரிசையாக இருக்கிறதே?

திங்கட்கிழமை ஆறாம் வகுப்புக்கு நான் எடுக்க வேண்டிய பாடம். தலைப்பு: 'கலவைகளைப் பிரித்தல்'. கையால் தெரிந்தெடுத்தல், சலித்தல், காந்தத்தால் பிரித்தல். வெள்ளிக்கிழமை இரவுதான் கோடு போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடிட்டுப் பாடத்திட்டம் எழுதியிருந்தேன். கதைக்காகச் சொல்லவில்லை, சத்தியம். அதை எழுதும்போது ஓர் அடி தள்ளி உட்கார்ந்து அம்மா காய் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. படித்ததைப் பரீட்சைக்கு வெளியே எடுத்துப் பழக்கமில்லாத மூளை... அது லேட்டாகத்தான் வேலை செய்யும். மலை ஜீப் மாதிரி.

காந்தத்துக்கு எங்கே போவது? நம் வண்டியிலேயே இருக்கிறதே, சட்டி அளவுக்கு.

வீட்டுக்கு ஓடினேன். எண்ணெய் பட்டால் சரக்கு கெட்டுவிடும் என்று, காந்தச் சக்கரத்தைத் துடைத்து, புது பாலிதீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். அம்மா வெடிப்பை மெல்லிசாகப் பரப்பிக்கொடுக்க, நான் அதன் மேலேயே சக்கரத்தை மெல்லக் கொண்டுபோனேன்.

முதலாளி திரும்பி வந்தபோது பாதிக் குவியல் மிச்சம் இருந்தது.

"என்னப்பா இது, கறிச்சட்டியா?"

பதில் சொல்வதற்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். பையில் ஏதோ ஒட்டியிருந்தது. அம்மா எட்டிப் பார்த்தார். ஸ்டேப்ளர் பின்.

இன்னும் கொஞ்சம் பரப்பினோம். மறுபடி 'டிக்'. இது கொஞ்சம் பெரிது. என் கீ இல்லை. உடைந்த கோணி ஊசியின் முனை.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "சத்தியமா இது எங்க வீட்டுது இல்ல மொதலாளி. எங்கிட்டக் கோணி ஊசியே கெடையாது."

முதலாளி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மூலையில், சாக்குத் தைக்கிற இடத்தில் செருகியிருந்த ஊசியைப் போய் எடுத்தார். அதற்கு முனை இல்லை.

வெள்ளைச் சட்டையோடு அவரும் தரையில் உட்கார்ந்து வெடிப்பைப் பரப்ப ஆரம்பித்தார்.

குவியலின் அடிவாரத்தில்தான் கிடைத்தது என் அரை நிலா. அம்மா அதை எடுத்து முந்தானையில் துடைத்து, முடிச்சுப் போட்டுக்கொண்டார். என்னிடம் தரவில்லை. நம்பிக்கை போய்விட்டது போல.

"நல்லவேளை, உம் மகன் வண்டி கெட்டுக் கெடந்துச்சு பேச்சி. இல்லன்னா இந்த ஊசியோட லோடு போயிருக்கும்" என்றார் முதலாளி. அப்புறம் என்னிடம், "தம்பி, வாராவாரம் சனிக்கிழமை இந்தச் சட்டியக் கொண்டா."

"வண்டியில மாட்டணும் மொதலாளி. மாட்டிட்டா கழட்டுறது கஷ்டம்."

"அப்ப வண்டியோட கொண்டா" என்றவர், அம்மாவைப் பார்த்து, "நாளைக்குப் புது மூட்டை எடுக்க வெரசா வந்துரு" என்றார்.

அவ்வளவுதான். வெளியே வந்து தெருமுனை திரும்பியதும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "கறிச்சட்டியாம்ல..."

மத்தியானம் மாரி வந்தான். குவியல்களைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"என்ன மாப்ளே, கடை போட்டிருக்க?"

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து மாட்டினோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "பெருசா, நடுத்தரமா?" என்று கேட்டுக் கேட்டு எடுத்துக் கொடுத்தார். கீயை மட்டும் முடிச்சை அவிழ்த்துத் தானே என் உள்ளங்கையில் வைத்தார். அதில் ஏலக்காய் வாசம்.

பொழுது சாய்வதற்குள் கிக்கரை உதைத்தேன். செத்துக் கிடந்தது. மறுபடி உதைத்தேன். இருமியது. மாரி உதைத்தான். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு எடுத்தது பாருங்கள் ஒரு சத்தம்... கோழி கூரை மேல் ஏறிவிட்டது. இன்றுவரை அந்தப் பக்கம் வருவதில்லை.

திங்கட்கிழமை அடிவாரத்து முந்தல் செக்போஸ்டைத் தாண்டி, செகண்ட் கியரிலேயே முனகிக்கொண்டு மலை ஏறியது. வழியில் ஜீப்பை முந்தினேன். உள்ளே இருந்து ஓர் அக்கா, "வாத்தியாரே, உங்க சீட்டு காலியா இருக்கு" என்று கத்தினார். பள்ளிக்கூட கேட் இன்னும் திறக்கவில்லை. தலைமை ஆசிரியை வந்து என்னையும் வண்டியையும் பார்த்தார். என் நகங்களையும் பார்த்தார்.

"கையக் கழுவிட்டு பிரேயருக்கு வாங்க தம்பி."

இதைவிட நல்ல சர்டிபிகேட் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

ஒன்று யோசித்துப் பார்க்கிறேன். நமக்கு உதவி செய்ய வருகிறவர்கள் நமக்குத் தேவையான வேலையையா செய்கிறார்கள்? தங்கள் கைக்குத் தெரிந்த வேலையைச் செய்கிறார்கள். அம்மா இன்ஜினை ஏலக்காய் மாதிரி பிரித்தார். நான் அம்மாவின் குடோன் பிரச்சினைக்கு ஆறாம் வகுப்புப் பாடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். யாரைக் குறை சொல்ல? தெரிந்ததைத்தானே கொடுக்க முடியும். தெரிந்ததை மொத்தமாகக் கொடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

நேற்று சனிக்கிழமை. வெடிப்பு மூட்டையை முதல்முறையாக வண்டியில் கடைக்குக் கொண்டுபோனோம். அம்மா பின்னால் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தேன் — முந்தானையால் மூட்டையின் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தார்.

தூசிக்காகவா என்று கேட்டேன். "இல்ல அப்பு, ஒன் வண்டிச் சாமானுக்காக."